ஸுபுஹுக்குத் தெளியும் குளிசை

பாலமுனை
11.2.1981

அன்பின் மச்சான் ஷரிபுதீனுக்கு, ஆதம்பாவா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்களுடன் பிறந்த ராத்தா நாச்சியாவும் அல்லாஹ்வின் காவலில் சுகமாக இருக்கிறோம். அந்த மலைக்குளிரில் நீங்கள் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆசை.

சுகம் என்று எழுதிவிட்டேன். கடிதமென்றால் அப்படித்தானே எழுத வேண்டும். உண்மையைச் சொன்னால் எனக்கு நித்திரை இல்லை மச்சான். ஐந்து மாதமாகிறது. இஷா தொழுதுவிட்டு வந்து படுத்தால் கண் மூடும், உள்ளே இருக்கிறவன் மூடமாட்டான். விடியத் தொழுகையான ஸுபுஹு தப்பிவிடுமோ என்ற ஒரே நினைப்பு. பத்தொன்பது வருஷமாகப் பாங்கு சொல்லி இந்த ஊரை எழுப்புகிறேன். ஒருநாளும் எனக்கு மணிக்கூடு தேவைப்பட்டதில்லை. நேரத்துக்குக் கால் மணி முன்னால் கண் தானாகத் திறக்கும். இப்போது மூடினால்தானே திறப்பதற்கு.

ராத்தா தெரிந்ததெல்லாம் செய்து பார்த்தாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள், மௌலவியிடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்தாள், சாதிக்காய் உரைத்துப் பால் காய்ச்சித் தந்தாள். பாலைத் தந்துவிட்டு அவள் நித்திரையாகிவிடுவாள். அவளுடைய குறட்டைக்குக் காவல் இருப்பது என் வேலை.

போன மாதம் ஒரு நாள் விடியப்புறத்தில் அசந்துபோனேன். ஊர் எழும்பியபோது வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. பள்ளி நிர்வாகம் பார்க்கும் தலைமை மரைக்கார் அப்துல் ஸமட் என்னைப் பள்ளிவாசலுக்குக் கூப்பிட்டார். "ஆதம்பாவாக் காக்கா, மனிசன் என்டா ஒருக்காப் பிழை விடுவான், ஓம். இன்னொருக்கா நடந்தா நாங்க வேற ஆளப் பார்க்க வேண்டி வரும்" என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். எனக்கு வயல் இல்லை, தோணி இல்லை, பிள்ளையும் இல்லை. பாங்கும் போனால் நான் யார் மச்சான்?

தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியில் நீங்கள் எத்தனையோ பேருக்கு மருந்து கொடுக்கிறீர்கள். எனக்கும் ஒரு குளிசை பார்த்து அனுப்புங்கள். ஒரே ஒரு நிபந்தனை. இஷாவுக்குப் பிறகு போட்டால் ஸுபுஹுக்கு முன் தெளிந்துவிட வேண்டும். இங்கே டொக்டரிடம் போனால் நான் வீடு திரும்புவதற்குள் ஊருக்குச் செய்தி வந்துவிடும், நித்திரைக் குளிசை போடும் மோதினார் என்று. மௌலவியிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். மருந்தாகப் போடலாம் என்றார்.

ராத்தாவின் ஸலாம். உங்கள் துஆவை வேண்டும்,
மோதினார் ஆதம்பாவா


தோட்டத்து டிஸ்பென்சரி
26.2.1981

மரியாதைக்குரிய மச்சானுக்கு, வஅலைக்குமுஸ்ஸலாம். நான் சுகம். ராத்தாவின் மூட்டுவலி எப்படி?

குளிசைகளைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது சில உண்டு. ஆளை நித்திரையாக்கும் குளிசை எல்லாம் நித்திரைக்கென்று செய்ததல்ல. பெரும்பாலும் வேறு வருத்தத்துக்குச் செய்தவை, நித்திரை அவற்றோடு கூட வருகிற வால். சளிக்கும் அரிப்புக்கும் கொடுக்கிற புரோமெதஸீன், நீல நிறம், ஆளை நன்றாக அமுக்கும். ஆனால் நாக்கு வரண்டு மேலண்ணத்தில் ஒட்டும், விடிந்த பிறகும் தலைக்குள் ஈரத்துணி கிடப்பது போலிருக்கும். மனச்சோர்வுக்குக் கொடுக்கிற அமிட்ரிப்டிலின், செம்மண் நிறம், வாயை இன்னும் மோசமாகக் காயவைக்கும். எழும்பி நிற்கும்போது கண் இருட்டும், சலம் பிரியாமல் கட்டும். உங்கள் வயதுக்கு அது வேண்டாம். பதற்றத்துக்குக் கொடுக்கிற டயஸிபாம் மஞ்சள். மனதை மெத்தென்று ஆக்கும், ஆனால் உடம்பை விட்டு இலேசில் போகாது. மூளைக் கோளாறுக்குக் கொடுக்கிற ஒன்றும் இருக்கிறது. அதைப் போட்ட மறுநாள் கதிரையை விட்டு எழும்ப மனம் வராது, கை எங்கே கிடக்கிறது என்றும் தெரியாது. அதை நினைக்கவே வேண்டாம்.

நித்திரைக்கென்றே செய்தது நைட்ரஸிபாம், வெள்ளை. அதைப் பற்றி இப்போது வேண்டாம்.

இத்துடன் ஆறு நீலம் வைத்திருக்கிறேன். பாதியாக உடைத்துப் போடுங்கள். இங்கே வாரம் ஒரு நாள் வருகிற பெரிய டொக்டரிடம் கேட்டு அனுப்புகிறேன் என்று எழுத எனக்கு விருப்பம்தான். ஆனால் நான் கேட்கவில்லை. எனவே விஷயம் நமக்குள் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஷரிபுதீன்


பாலமுனை
18.3.1981

அன்பின் மச்சானுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் சுகத்துக்கு ஐந்து வக்திலும் துஆக் கேட்கிறோம். ராத்தாவின் மூட்டுவலி வழக்கம் போல, வாயில் வலி ஒன்றும் இல்லை.

நீலத்தைப் பற்றிய அறிக்கை. நீங்கள் மணித்தியாலத்தில் அளப்பீர்கள், எனக்குத் தொழுகை வக்துதான் தெரியும். முதல் நாள் பாதி போட்டேன். இஷாவுக்குப் போட்டது மத்தியான லுஹர் வரை நின்றது. ஸுபுஹுக்கு நாச்சியா முகத்தில் தண்ணீர் ஊற்றித்தான் எழுப்பினாள். பள்ளிக்குப் போய் மைக்கைப் பிடித்தால் வாயில் ஒரு சொட்டு ஈரமில்லை. "அல்லாஹு" வரை வந்தது, "அக்பர்" தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. ஊர் மூன்று முறை செருமலைத்தான் கேட்டிருக்கும். நாலாம் நாள் கால்வாசி போட்டேன். அது இஷாவுக்கே போதவில்லை. மிச்சத்தை ராத்தா சளித் தடிமனுக்குப் போட்டாள். தடிமன் போய்விட்டது. ஆக, நீலம் நல்ல மருந்துதான், எனக்கில்லை.

மஞ்சளைப் பார்ப்போமா?

ஒன்று கேட்க வேண்டும். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டும், ஈரத்துணி, கை எங்கே கிடக்கிறது என்று தெரியாது என்றெல்லாம் எழுதியிருந்தீர்கள். புத்தகத்தில் இவ்வளவு நன்றாகவா எழுதி வைத்திருக்கிறான்? நீங்களே விழுங்கிப் பார்த்தது போல இருந்தது. நாச்சியாவுக்கு வாசித்துக் காட்டிச் சிரித்தேன்.

உங்கள் பெண்சாதி நஸீறா போன வாரம் அட்டாளைச்சேனையிலிருந்து பிள்ளையோடு வந்து இரண்டு நாள் நின்றாள். உங்கள் மகள் பேசத் தொடங்கிவிட்டாள். "வாப்பா" என்று சொல்லி என்னைப் பிடித்துக்கொண்டது, நஸீறாவுக்கு முகம் ஒரு மாதிரிப் போய்விட்டது. போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கும் நீங்கள் வரவில்லை. எப்போது வருவீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள்.

வஸ்ஸலாம்,
மோதினார் ஆதம்பாவா


தோட்டத்து டிஸ்பென்சரி
30.3.1981

மச்சானுக்கு ஸலாம். எல்லோரும் சுகமாக இருக்க அல்லாஹ் போதுமானவன்.

மஞ்சள் முப்பது அனுப்புகிறேன். ஒன்றுக்கு மேல் வேண்டாம். நீலத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், நீலம் உங்களை நித்திரைக்குள் தள்ளிவிடும், மஞ்சள் கையைப் பிடித்துக் கூட்டிப்போகும். வாய் காயாது. பாங்குக்குக் குரல் இருக்கும். ஆனால் நாள் செல்லச் செல்ல உடம்பில் சேரும். எதுவும் பெரிதாகத் தோன்றாது. சந்தோஷமும் பெரிதாகத் தோன்றாது, துக்கமும் அப்படித்தான். சிலருக்கு அதுவே நல்லதாகப் படும். வாரத்தில் இரண்டு நாள் போடாமல் விடுங்கள்.

இங்கே மழை. கொழுந்து நன்றாக வருகிறது என்று துரை சந்தோஷமாக இருக்கிறார்.

ராத்தாவுக்கு ஸலாம் சொல்லவும்,
ஷரிபுதீன்


பாலமுனை
6.5.1981

அன்பின் மச்சானுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் உடம்பு எப்படி, சாப்பாடு எப்படி? யார் சமைத்துத் தருகிறார்கள்? கேட்டதற்கெல்லாம் நீங்கள் மழையைப் பற்றி எழுதுகிறீர்கள்.

மஞ்சள் நல்ல பிள்ளை மச்சான். இஷாவுக்குப் போட்டால் ஸுபுஹு வரை ஒரு குறையும் இல்லை. முதல் இரண்டு வாரம் உங்களுக்கு நான் கேட்ட துஆ இந்த வானம் கொள்ளாது. விழித்தவுடன் பயம் வரவில்லை. அப்துல் ஸமட் மரைக்காரைக் கண்டாலும் பயம் வரவில்லை. வயலுக்குத் தண்ணீர் வராவிட்டால் என்ன, மீன் படாவிட்டால் என்ன என்றாகிவிட்டது. வாரத்தில் இரண்டு நாள் விடச் சொன்னீர்கள், நான் விடவில்லை. அதையும் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாம் வாரம் ஒரு லுஹருக்குப் பாங்கு சொல்ல நின்றேன். வெயில் கொளுத்துகிறது. ஹய்ய அலல் ஃபலாஹ் சொன்னேன். அதற்குப் பிறகு என் வாய் தன்பாட்டில் போய்விட்டது. "அஸ்ஸலாத்து ஹைரும் மினன் நவ்ம்." நித்திரையை விடத் தொழுகை மேலானது! விடியப் புறத்துக்கு மட்டும் உரிய வரி அது. பட்டப்பகல் பன்னிரண்டரை மணிக்கு, ஒலிபெருக்கியில், இரண்டு தரம் சொல்லிவிட்டேன்.

ஊர் சிரித்து முடியப் பின்னேரம் அஸராகிவிட்டது. கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்த ஸைனம்பு வேலிக்கு மேலால், "மோதினார் காக்கா, நாங்க முழிச்சுத்தான் இரிக்கம்!" என்று கத்தினாள். மரைக்காரும் சிரித்தார். சிரித்து முடிந்த பிறகு என்னிடம், "நோன்பு வருகுது காக்கா. நோன்பில பகிடிக்கு இடமில்ல" என்றார்.

இதில் எனக்குப் பயமான விஷயம் வேறு. எனக்கு வெட்கம் வரவில்லை. பத்தொன்பது வருஷத்தில் ஒரு எழுத்துப் பிசகாத பாங்கு கெட்டுப்போனது, நான் வீட்டுக்கு வந்து சோறு தின்றேன். ராத்தாதான் அழுதாள். அன்றைக்கே மஞ்சளை நிறுத்திவிட்டேன். மூன்றாம் நாள் வெட்கம் திரும்பி வந்தது. நித்திரை திரும்பவும் போனது.

நோன்பு தொடங்க இரண்டு மாதம்கூட இல்லை. அந்த முப்பது நாளும் ஊர் உண்பதும் விடுவதும் என் குரலில்தான். அதற்கு முன் என்னைச் சரிப்படுத்தித் தாருங்கள். வெள்ளையைப் பற்றி அப்போது வேண்டாம் என்றீர்களே, இப்போது சொல்லலாமா?

உங்களை நம்பியிருக்கும்,
ஆதம்பாவா


தோட்டத்து டிஸ்பென்சரி
27.4.1981

மச்சானுக்கு ஸலாம். ராத்தா சுகமா?

நூற்றிருபது வெள்ளை வைத்திருக்கிறேன். இதைத்தான் நான் நம்புவேன். நீலம், மஞ்சள் எல்லாவற்றையும் விட இது நேர்மையானது. இஷாவுக்குப் போடுங்கள், அரை மணியில் பிடிக்கும், ஸுபுஹுக்கு முன் முழுதாகத் தெளியும். இரண்டு போட்டாலும் தெளியும். பயப்பட வேண்டாம், எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ராத்தா சுகமா?

ஷரிபுதீன்


பாலமுனை
24.6.1981

அன்பின் மச்சானுக்கு அஸ்ஸலாமு அலைக்கும். ராத்தா சுகம், ராத்தா சுகம். இரண்டு தரம் கேட்டிருந்தீர்கள், இரண்டு தரம் சொல்லிவிட்டேன். கடிதத்தில் மாதத்தையும் பிழையாகப் போட்டிருந்தீர்கள். தபால் முத்திரையில் மே மாதம் இருந்ததால் தப்பினோம். வேலை அதிகம் போலிருக்கிறது.

வெள்ளை கெட்டிக்காரன். ஒன்று போட்டேன், விடியப்புறத்தில் திரும்பத் திரும்ப விழிப்பு வந்தது. நீங்கள் சொன்னீர்களே என்று இரண்டாக்கினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், என் வாப்பா இருந்த காலத்துக்குப் பிறகு இப்படி நித்திரை கொண்டதில்லை. ஸுபுஹுக்கு எழும்புகிறேன், குரல் கணீரென்று வருகிறது, வரிகள் அதனதன் இடத்தில் நிற்கின்றன. மரைக்கார் தோளில் தட்டிவிட்டுப் போகிறார். உங்கள் கைக்கு அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்.

ஒரு சின்னச் சந்தேகம். இந்த ஒரு வாரமாக அஸருக்குப் பிறகு கண் தானாகச் சொருகுகிறது. பள்ளி விறாந்தையில் தூணில் சாய்ந்தால் போய்விடுகிறேன். எழும்பினால் எந்த வக்து என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. இது வெள்ளையின் வேலையா, இந்தக் கச்சான் வெக்கைக் காற்றின் வேலையா? இன்னும் பத்து நாளில் நோன்பு. நோன்புக்குள் இதைத் தொடரவா, நிறுத்தவா? நிறுத்தினால் பழைய கதை வந்து ஸுபுஹு தப்பிவிடும், தொடர்ந்தால் இந்தத் தூக்கம். எனக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை. நீங்கள் ஒரே ஒரு வரி எழுதினால் போதும். பதில் வராவிட்டால், தொடரலாம் என்று எடுத்துக்கொள்வேன்.

நோன்புப் பெருநாளுக்காவது வாருங்கள். நஸீறா கேட்பதை விட்டுவிட்டாள், அதுதான் எனக்குக் கவலை.

துஆவுடன்,
மோதினார் ஆதம்பாவா


பாலமுனை
22.7.1981

தம்பி ஷரிபுதீனுக்கு ராத்தா நாச்சியா ஸலாம் சொல்லி எழுதுவது. உன் உடம்பு சுகமா? சுகமில்லை என்றாலும் அதையாவது எழுது. மச்சான் கேட்ட ஒரு வரியை எழுத உனக்கு நேரம் கிடைக்கவில்லையா? நோன்பு தொடங்கும் வரை ஒவ்வொரு நாளும் தபால்காரனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்ததை ஒழுங்காகச் சொல்கிறேன். பதினான்காம் நோன்பு. அஸர் தொழுதுவிட்டு அவர் வழக்கம் போலப் பள்ளித் தூணில் சாய்ந்திருக்கிறார். திடுக்கிட்டு விழித்து மணிக்கூட்டைப் பார்த்திருக்கிறார். பெரிய முள் ஐந்தில் நிற்பதாகக் கண்டிருக்கிறார். அது மூன்றில் நின்றது. மைக்கைப் பிடித்து, நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கைச் சொல்லிவிட்டார். பத்து நிமிஷம் முந்தி.

வானம் புழுதி பிடித்து மங்கிக் கிடந்தது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. ரேடியோவில் வருகிற கொழும்புப் பாங்கு எந்த நாளும் நமக்குப் பிந்தித்தானே, அதை யார் பார்க்கிறார்கள்? நானும் பேரீச்சம்பழத்தைக் கடித்துக் கஞ்சி குடித்தேன். ஊர் முழுக்கக் குடித்தது. கடற்கரையில் நின்றவர்கள் மட்டும் பொழுது மரத்துக்கு மேலே நிற்கிறதைக் கண்டு வாயில் வைக்காமல் பள்ளிக்கு ஓடி வந்தார்கள். அவர்கள் வந்து சேர, பக்கத்து ஊரான ஒலுவில் பள்ளியில் பாங்கு கேட்டது. கஞ்சிக் கோப்பையோடு ஊர் அப்படியே நின்றது தம்பி.

அவர் திரும்பவும் மைக்கைப் பிடித்தார். "ஊராக்களே, என்ட பிழை. நான் முந்திச் சொல்லிட்டன். எல்லாருக்கும் நோன்பு போயிட்டு. பிறகு பிடிச்சுக் கழாச் செய்யணும். என்னப் பொறுத்துக்கங்க" என்றார். அந்தக் குரலை நான் இனி மறக்க மாட்டேன்.

மறுநாள் லுஹருக்குப் பிறகு மரைக்கார்மார் கூடினார்கள். நான் பள்ளிப் பின்வேலியில் நின்று கேட்டேன். "காக்கா, கண்ணுல வருத்தமா? இல்லாட்டி ஏதும் மருந்து கிருந்து போடுறீங்களா? நீங்க கொஞ்ச நாளா ஒரு மாதிரி என்டு ஊர் கதைக்குது. சொன்னா நாங்க விளங்கிக்குவம்" என்று அப்துல் ஸமட் கேட்டார். மச்சான் நோன்போடு பொய் சொல்ல மாட்டார். உண்மையைச் சொன்னால் யார் தந்தது என்று கேட்பார்கள், உன் பெயர் வரும், உன் வேலை போகும். கடைசி வரை நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பெரிய முள்ளப் பிழையாப் பார்த்துட்டன்" என்றதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆளை மாற்றிவிட்டார்கள். ஜவுபர் என்று சாய்ந்தமருதுப் பெடியன் ஒருவன் இப்போது பாங்கு சொல்கிறான். நல்ல குரல்தான். அவன் தொடங்கும்போது இவர் எழும்பி வளவுக்குப் போய்விடுகிறார்.

மிச்ச வெள்ளைக் குளிசையை அரிசிப் பானைக்குள் கண்டேன். உம்மா மவுத்தான பிறகு உன்னை இடுப்பில் வைத்து வளர்த்தவள் நான், அதனால் கேட்கிறேன். ஸுபுஹுக்குத் தெளியும் என்று உனக்கு எப்படி நிச்சயமாகத் தெரிந்தது? எனக்குக் கோபம் பாதி, பயம் பாதி. இரண்டில் எது சரி என்று நீதான் எழுத வேண்டும்.

ராத்தா


தோட்டத்து டிஸ்பென்சரி
9.8.1981

மச்சானுக்கும் ராத்தாவுக்கும் அஸ்ஸலாமு அலைக்கும். பெருநாள் நல்லபடி கழிந்திருக்கும் என்று எழுதக் கை வரவில்லை.

ராத்தா, பயம்தான் சரி.

மூன்று வருஷமாக நான் அந்த வெள்ளையைப் போடுகிறேன். முதலில் ஒன்று, பிறகு இரண்டு, இப்போது நாலு. அதற்கு முன் மற்ற எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். மச்சான் சிரித்துக்கொண்டு கேட்டது உண்மை, புத்தகத்தில் அவ்வளவு நன்றாக எழுதவில்லை. எனக்கு ஸுபுஹுக்கு முன் தெளிகிறது, ஏனென்றால் என் உடம்பு அதற்குப் பழகிவிட்டது. பழகாத உடம்பில் அது ஒரு நாளில் வெளியேறாது. இன்றைய குளிசை நேற்றையதோடு சேரும், நேற்றையது முந்தாநாளையதோடு. இது புத்தகத்தில் இருக்கிறது, நான் படித்திருக்கிறேன், பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன். ஆனாலும் என் உடம்பை வைத்து உங்களுக்கு அளந்து அனுப்பினேன். இரண்டு போட்டாலும் தெளியும் என்று எழுதியது என் கை.

உங்கள் ஜூன் மாதக் கடிதம் வந்தது. நிறுத்துங்கள், உடனே நிறுத்தாமல் பாதிப் பாதியாகக் குறைத்து நிறுத்துங்கள் என்று பதில் எழுதினேன். எழுதினேன் என்றுதான் ராத்தாவின் கடிதம் வரும் வரை நினைத்திருந்தேன். பிறகு மேசை லாச்சியை இழுத்துப் பார்த்தேன். உங்கள் விலாசம் எழுதி, முத்திரை ஒட்டிய உறை கிடந்தது. உள்ளே ஒன்றும் இல்லை.

ஏன் தொடங்கினேன் என்று கேட்பீர்கள். சொல்லும்படியாக ஒரு காரணமும் இல்லை. குளிர், தனிமை, கைக்கெட்டும் தூரத்தில் போத்தல். சென்ற வருஷம் மவுத்தான ஒரு கிழவியின் பெயர் இன்னும் மருந்துப் புத்தகத்தில் இருக்கிறது. அவள் பெயரில் எழுதித்தான் எடுக்கிறேன். ஊருக்கு வராமல் இருந்ததும் இதனால்தான். நாலு நாள் உங்கள் கண்முன்னால் இருந்தால் ராத்தா கண்டுபிடித்துவிடுவாள். விட்டுப் பார்த்தேன் மச்சான், இரண்டு தரம். கை நடுங்கும், மார்பு அடிக்கும், கூரை இறங்கி வருவது போலிருக்கும். தனியாகக் கிடந்து அதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இரண்டு தரமும் எழும்பிப் போய்ப் போத்தலைத் திறந்தேன்.

நான் பாலமுனைக்கு வந்து மரைக்கார்மாருக்கு முன்னால் எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். என் வேலை போனால் போகட்டும். உங்கள் பாங்கை உங்களுக்கே வாங்கித் தந்தால்தான் எனக்கு மனம் ஆறும். நஸீறாவுக்கு மட்டும் இப்போது சொல்லாதீர்கள். என்னைப் பொறுத்து ஹலாலாக்குங்கள்.

ஷரிபுதீன்


பாலமுனை
24.8.1981

அன்பின் மச்சான் ஷரிபுதீனுக்கு அஸ்ஸலாமு அலைக்கும் வறஹ்மத்துல்லாஹி வபரக்காத்துஹு. நீங்கள் சுகமில்லை என்று தெரிந்துகொண்டு எழுதுகிறேன். உங்கள் கடிதங்களில் சுகம் என்ற சொல் இல்லாத கடிதம் இதுதான் முதல், அதனால் இதைத்தான் நான் நம்பினேன்.

கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன். நாச்சியா வாசித்து முடித்த பிறகு மூன்று நாள் அந்தக் கடிதத்தைக் கையால் தொடவில்லை. நாலாம் நாள் எடுத்துத் திரும்ப வாசித்தேன். வெறும் உறை கிடந்தது என்ற இடத்தில் எனக்கு அழுகை வந்துவிட்டது. முத்திரை வேறு ஒட்டியிருக்கிறீர்கள்.

மரைக்காரிடம் சொல்ல வர வேண்டாம். நீங்கள் சொல்வதால் அந்தப் பத்து நிமிஷம் திரும்பி வராது. ஒரு ஊரின் நோன்பைக் கெடுத்தவன் கையில் மைக்கைத் திருப்பிக் கொடுக்க நான் மரைக்காராக இருந்தாலும் சம்மதிக்க மாட்டேன். குளிசை உங்களுடையது, விழுங்கிய வாய் என்னுடையது, முள்ளைப் பார்த்த கண்ணும் என்னுடையது. மஞ்சளில் நீங்கள் சொன்னதைக் கேட்காமல் விட்டதும் நான்தான். உங்களைப் பொறுத்துவிட்டேன். அல்லாஹ் நம் இருவரையும் பொறுக்கட்டும்.

ஊர் அந்த நோன்பைப் பெருநாள் கழிந்து சேர்ந்து பிடித்தது. அதற்குப் பெயரும் வைத்துவிட்டார்கள், மோதினார் நோன்பு. "மோதினார் நோன்பு பிடிச்சிட்டியா?" என்று கடைத்தெருவில் ஒருவரை ஒருவர் கேட்கிறார்கள். பெயர் நிலைக்க வேண்டுமென்று மற்ற மனிதர்கள் பள்ளி கட்டுகிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள். எனக்கு இது கிடைத்திருக்கிறது. ஆனால் ஒருவர்கூட என்னைக் கண்டு முகம் திருப்பவில்லை. அப்துல் ஸமட்டே இரண்டு தரம் வீட்டுக்கு வந்து தேநீர் குடித்துவிட்டுப் போனார்.

வெள்ளையை ராத்தா பாதிப் பாதியாக அளந்து தந்து நிறுத்திவிட்டாள். நித்திரை இல்லை. முன்பு இருந்தது போலவேதான். ஒரு வித்தியாசம், இப்போது நான் எழும்ப வேண்டுமென்று எவரும் காத்திருக்கவில்லை. அதனால் முழித்துக் கிடப்பதில் அந்தப் பயம் இல்லை, வெறும் முழிப்புத்தான். சொன்னால் உங்களுக்கு விளங்கும், மற்றவர்களுக்கு விளங்காது.

இனி உங்கள் விஷயம். பெரிய டொக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். கிழவியின் பெயரையும் சேர்த்துச் சொல்லுங்கள். அவர் என்ன செய்வாரோ செய்யட்டும். ஒரேயடியாக விட வேண்டாம், எத்தனை நாளில் எத்தனை குறைப்பது என்று அவர் கையாலேயே எழுதி வாங்கிக்கொண்டு, லீவு போட்டு இங்கே வாருங்கள். நஸீறாவுக்கு நாங்கள் சொல்லவில்லை. அது நீங்கள் உங்கள் வாயால் சொல்ல வேண்டியது. மகளை வைத்துக்கொண்டு அவள், அங்கே உங்களுக்கு வேறொருத்தி இருக்கிறாளோ என்று எதையெதையோ நினைத்துக்கொண்டிருக்கிறாள், உண்மை அதைவிடப் பாரமாக இருக்காது.

தனியாகக் கிடந்து பார்க்கத் தைரியமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஏன் தனியாகக் கிடக்க வேண்டும்? நஸீறா பிள்ளையோடு நித்திரை கொள்ளட்டும். ராத்தாவைக் கேட்கவே வேண்டாம், அவள் எப்படியும் கொள்வாள். கை நடுங்கும்போது, கூரை இறங்கும்போது பக்கத்தில் முழித்திருக்க உங்களுக்கு ஒரு ஆள் வேண்டும். பாங்கு போன பிறகு நானும் எனக்கு ஏற்ற வேலை ஒன்றைத் தேடிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த ஊரில் இந்த வேலைக்கு என்னை விட்டால் ஆள் கிடையாது.

வாருங்கள் மச்சான். நான் முழித்திருப்பேன்.

வஸ்ஸலாம்,
ஆதம்பாவா